இரண்டு தட்டல், ஒரு பதில்

அத்தியாயம் 7

துப்பறியும் தராசு, குழாயைச் சுத்தியலால் இரண்டு முறை தட்டினாள். சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். எண்ணெய்த் தொட்டியின் பக்கவாட்டில் இருந்த இரும்பு ஏணியில் ஏறி, உச்சியில் இருந்த வட்டமான வாய்க்குள் தலையை நீட்டிக் காது கொடுத்தாள். உள்ளே இருட்டும் பழைய எண்ணெய் வாடையும்தான் இருந்தன. சத்தம் எப்போதோ அடங்கியிருந்தது.

இறங்கினாள். மறுபடி தட்டினாள். மறுபடி ஓடினாள்.

தொழிற்சாலை முற்றத்தில் காரில் சாய்ந்து நின்ற டிரைவர் ரேடியோ இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காரை விட்டு நகரக் கூடாது என்பது அவருக்கு இட்ட உத்தரவு. வாயைப் பற்றி உத்தரவு எதுவும் இல்லை.

"மேடம், நீங்க தட்டிட்டு மேல ஓடி வர்ற வரைக்கும் சத்தம் உங்களுக்காக உள்ளயே உக்காந்திருக்குமா?"

அவள் ஏணியில் பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினாள்.

துப்பறியும் தொழிலுக்கு வந்த புதிதிலேயே அவளுக்குத் தராசு என்று பெயர் விழுந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்வதற்கு முன் அதை நிறுத்துப் பார்ப்பாள். ரேடியோவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. அவர் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர், முன்னாள் பஸ் கண்டக்டர், எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவர். போன வழக்கில் அவர் டீக்கடையில் அவிழ்த்துவிட்ட ஒரு நக்கல் போக வேண்டாத காதுக்குப் போய், பிடிபட வேண்டிய ஆள் ஊரையே காலி செய்துவிட்டான். அன்றிலிருந்து தராசு தனியாகத்தான் வேலை பார்க்கிறாள். அவரை வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை, சேர்த்துக்கொள்ளவும் இல்லை. வண்டி ஓட்ட வைத்திருந்தாள்.

காலையில் அவர்கள் அலுவலகத்துக்கு வந்த பெண்ணின் முகம் அவள் கண்முன் நின்றது. அந்தப் பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தபோது வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

அவள் கணவனும் அவள் தம்பியும் தொட்டி கழுவும் வேலை பார்ப்பவர்கள். எப்போதும் ஜோடியாகத்தான் போவார்கள். தம்பி உள்ளே இறங்கித் துடைப்பான். கணவன் தொட்டியின் வாயில் உட்கார்ந்து காவல் இருப்பான். தொட்டிக்குள் குறுக்கே தடுப்புத் தகடு இருப்பதால் உள்ளே இருப்பவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். பேசினால் எதிரொலியில் ஒன்றும் புரியாது. அதனால் அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு. தம்பி கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவான். 'நான் நல்லா இருக்கேன்' என்று அர்த்தம். மேலே இருப்பவன் ஒரு தட்டுத் தட்டுவான். 'நான் இங்கதான் இருக்கேன்' என்று அர்த்தம். தட்டல் நின்றால் கயிற்றை இழுக்க வேண்டும்.

நேற்று முன்தினம் தம்பியை நினைவில்லாமல் வெளியே தூக்கினார்கள். உள்ளே காற்று கெட்டுப்போயிருந்தது என்று டாக்டர் சொன்னார். விழுந்து வெகு நேரம் ஆகியிருக்கும் என்றும் சொன்னார். இன்னும் கண் திறக்கவில்லை.

கணவன் போலீஸ் காவலில் இருந்தான். கடைசி வரை தட்டல் வந்துகொண்டே இருந்தது, நானும் பதில் கொடுத்துக்கொண்டே இருந்தேன், நின்றதும் கயிற்றை இழுத்தேன் என்பது அவன் வாக்குமூலம். நினைவில்லாமல் கிடந்தவன் எப்படித் தட்டினான் என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை. அவன் கேண்டீனில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததாகத் தொழிற்சாலையில் குழாய் வேலை பார்க்கும் பிட்டர் சாட்சி சொல்லியிருந்தார். போதாததற்கு, முந்தின நாள் மச்சான்கள் இருவருக்கும் வாய்த்தகராறு. தம்பி இந்த வேலையை விட்டுவிட்டுத் தொழிற்சாலையிலேயே நிரந்தரமாகச் சேரப் போவதாகச் சொல்லியிருக்கிறான். 'இனிமே நீ தனியாவே பாத்துக்க மாமா' என்று அவன் கத்தியதை நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். சாயங்காலம் கணவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அந்தப் பெண் ஒன்றுதான் கேட்டாள்.

"அவரைக் காப்பாத்துங்கன்னு நான் கேக்க வரல. அவரு அந்த இடத்தை விட்டுப் போனாரா இல்லையா, அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. ஆஸ்பத்திரியில என் தம்பி பக்கத்துல உக்காந்தா அவரு ஞாபகம் வருது. ஸ்டேஷன்ல அவரு முன்னால நின்னா என் தம்பி ஞாபகம் வருது. எங்கயும் நிக்க முடியல."

தராசு அப்போதே தனக்குள் நிறுத்துப் பார்த்தாள். கணவன் பொய் சொல்கிறான் என்ற தட்டுதான் தாழ்ந்தது. ஆனால் பொய் சொல்பவன் இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லியிருப்பான். நம்பவே முடியாத ஒன்றை இரண்டு நாளாக மாற்றாமல் சொல்கிறான் என்றால், ஒருவேளை தட்டல் கேட்டிருக்கலாம். தம்பி தட்டவில்லை என்றால் வேறு எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். தொட்டிக்கு மூன்று குழாய்கள் வந்து சேர்கின்றன. அதில் எந்தக் குழாயின் சத்தம் உள்ளிருந்து வருவது போலக் கேட்கும்? அதைத்தான் அவள் ஓடி ஓடிச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

"சத்தத்துக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கவா மேடம்?" என்றார் ரேடியோ.

அவள் ஏணியின் கைப்பிடியில் நெற்றியை வைத்தாள். வெயிலில் இரும்பு சுட்டது. ஒரே உடம்பு இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ள அவளுக்குக் காலை நேரம் முழுக்கத் தேவைப்பட்டிருந்தது.

"மேல வாங்க," என்றாள்.

ரேடியோ காரைத் திரும்பிப் பார்த்தார். "வண்டி?"

"அது எங்கயும் போகாது."

"நான் போயிடுவேன்னு நினைச்சீங்களா?"

அவள் சோதனையை மட்டும் விளக்கினாள். தொட்டியை இரண்டு நாளாகத் திறந்து வைத்துக் காற்று மாற்றிவிட்டார்கள், பயமில்லை. அவர் வாயருகில், கணவன் உட்கார்ந்த அதே இடத்தில், அவனைப் போலவே ஒரு ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் நிற்கும் பக்கம் பார்க்காமல் உட்கார வேண்டும். அவள் ஒவ்வொரு குழாயாகத் தட்டுவாள். எங்கிருந்து சத்தம் வருகிறது என்று அவர் கத்த வேண்டும். வேறு எதுவும் கத்தக் கூடாது.

முதல் குழாயைத் தட்டினாள். "வெளியில, எனக்கு இடது பக்கம்," என்று மேலிருந்து குரல் வந்தது.

இரண்டாவதைத் தட்டினாள். "அதுவும் வெளியிலதான். பக்கத்து வீட்டுல ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு."

மூன்றாவது குழாய் தொட்டியின் அடிவயிற்றிலிருந்து கிளம்பி, முற்றத்தைக் கடந்து, ஒரு சின்னச் செங்கல் அறைக்குள் நுழைந்தது. அதன் முனையில் ஒரு வால்வு. அந்த அறையில் நின்றால் தொட்டி தெரியாது. தொட்டியின் மேலிருந்து பார்த்தால் அறையின் கூரை மட்டும் தெரியும். தராசு உள்ளே போய் வால்வின் கழுத்தில் இரண்டு முறை தட்டினாள்.

குரல் எதுவும் வரவில்லை.

அதற்குப் பதில் குழாய் பேசியது. ஒரே ஒரு தட்டு. அவள் காதருகில் யாரோ தட்டியது போல அவ்வளவு தெளிவாக இருந்தது.

அவள் கை அப்படியே நின்றது. மறுபடி இரண்டு தட்டினாள். மறுபடி ஒன்று வந்தது.

வெளியே ஓடி வந்து மேலே பார்த்தாள். ரேடியோ தன் கையிலிருந்த ஸ்பேனரையே முறைத்துக்கொண்டிருந்தார்.

ஏன் பதில் தட்டினீர்கள் என்று கேட்டாள்.

"உள்ள இருந்துதான் வந்துச்சு மேடம். சத்தியமா. இந்தத் தகடுக்குப் பின்னால ஒரு ஆள் இருக்கிற மாதிரியே இருந்துச்சு." அவர் குரலில் வழக்கமான இளக்காரம் இல்லை. "உள்ள யாருமில்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கை தன்னால தட்டிருச்சு. அந்த மனுஷன் மச்சானை உள்ள விட்டுட்டு உக்காந்திருந்தவரு. அவரு தட்டாம என்ன செய்வாரு?"

அவர் இறங்கி வந்ததும் இருவரும் வால்வு அறைக்குள் போனார்கள். வால்வுக்கு அந்தப் பக்கம் நைட்ரஜன் வாயு. எண்ணெய் கெட்டுப்போகாமல் இருக்க, தொட்டியில் எண்ணெய்க்கு மேல் அந்த வாயுவை நிரப்புவார்கள். அதற்கு நிறமும் வாடையும் கிடையாது. நாம் விடும் மூச்சில் பெரும்பங்கு அதுதான் என்பதால், அது மட்டுமே இருந்தாலும் உடம்புக்குத் தெரியாது. மூச்சுத் திணறாது. இருமல் வராது. நின்றவன் அப்படியே சரிவான். காற்று கெட்டுப்போனதற்கு இது போதும். ஆனால் இந்த வால்வைப் பற்றிப் போலீஸ் ஏற்கெனவே விசாரித்து முடித்திருந்தது. அதன் முடிவைத் தராசுவும் படித்திருந்தாள்.

பிட்டர் சொன்ன காரணம் நியாயமாகவே இருந்தது. இந்த வால்வு இறுகிப்போனது. ஒரு ஸ்பேனர் திருப்பும்போது இன்னொரு ஸ்பேனர் குழாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் குழாயே முறுக்கிக்கொள்ளும். இதற்கு எப்போதும் இரண்டு ஆள். அன்றைக்கு அவருடைய இரண்டாவது ஆள் விடுப்பு. ஆகவே வால்வை யாரும் தொடவில்லை.

"ஆள் இல்ல, அதனால திறக்கல. நல்ல சாட்சிதான்," என்றார் ரேடியோ. "வராத ஆளைக் குறுக்கு விசாரணையும் பண்ண முடியாது."

தராசு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் சிவப்பாகக் கொஞ்சம் பொடி உதிர்ந்து கிடந்தது. அதற்கு நேர் மேலே, இடுப்பு உயரத்தில், சுவரின் வெள்ளைப் பூச்சு பெயர்ந்து செங்கலில் பிறை போல ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பள்ளத்தின் உட்புறம் புதிதாக இருந்தது. தூசி படியவில்லை.

குழாயைப் பிடிக்கும் பெரிய ஸ்பேனரை எடுத்து வரும்படி ரேடியோவிடம் சொன்னாள். அதன் வாயைக் குழாயில் மாட்டினாள். கைப்பிடியை மெல்லச் சுழற்றினாள். அதன் நுனி போய்ச் சுவரில் இருந்த பள்ளத்தில் உட்கார்ந்து கொண்டது.

ரேடியோ நீளமாக மூச்சு விட்டார். "இதான் அந்த ரெண்டாவது ஆளா?"

"கூட ஒருத்தர் இருந்திருந்தா ஸ்பேனரை அவரு பிடிச்சிருப்பாரு. சுவத்துல முட்டுக்கொடுக்க வேண்டிய அவசியம் தனியா நிக்கிறவருக்குத்தான் வரும்."

பிட்டரை அந்த அறைக்கே கூப்பிட்டார்கள். ஐம்பதைத் தாண்டியவர். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். வந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். ஸ்பேனர் சுவரில் முட்டியபடி இருந்தது. தராசு அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ரேடியோவும் வாயைத் திறக்கவில்லை. பிட்டர் துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

பிறகு அவராகவே உட்கார்ந்தார்.

எண்ணெய் லாரி முன்கூட்டியே வருவதாகத் தகவல் வந்தது என்றார். வாயுவைத் தயார் செய்யும்படி மேனேஜர் அவசரப்படுத்தினார். ஆள் இல்லை என்று இவர் சொன்னதற்கு, நீ போய் ஆரம்பி, நான் ஒரு ஆளை அனுப்புகிறேன் என்றார். இந்தத் தொழிற்சாலையில் ஒரு பழக்கம் உண்டு. வால்வு திறப்பதற்கு முன்னால் கூட்டாளி தொட்டியின் மேலே போய் உள்ளே ஆள் இல்லை என்று பார்ப்பார். பிட்டர் குழாயில் இரண்டு தட்டுத் தட்டிக் கேட்பார். எல்லாம் சரி என்றால் கூட்டாளி மேலிருந்து ஒரு தட்டுத் தட்டுவார். பிறகு இறங்கி வந்து ஸ்பேனரைப் பிடிப்பார்.

"நான் தட்டினேன்," என்றார் பிட்டர். "பதில் வந்துச்சும்மா."



"ஆள் வந்துட்டான், பாத்துட்டான்னு நினைச்சேன். பிடிக்க இறங்கி வருவான்னு நின்னேன். வரல. லாரி வந்துருமேன்னு சுவத்துல முட்டு வச்சுத் திருப்பினேன். பாதியில இறுகிப்போச்சு. விட்டு விட்டு ரெண்டு ரெண்டாத் தட்டி இளக்கப் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் மேல இருந்து பதில் வந்துக்கிட்டே இருந்துச்சு. சோம்பேறிப் பய, மேலயே உக்காந்துக்கிட்டுச் சத்தம் மட்டும் கொடுக்கிறான்னு மனசுக்குள்ள திட்டினேன்."

மேனேஜர் ஆளே அனுப்பவில்லை. மறந்துவிட்டாராம். அது அன்று சாயங்காலம்தான் பிட்டருக்குத் தெரிந்தது. தொட்டி கழுவுகிறவர்கள் மதியமே போய்விட்டார்கள் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

கேண்டீனில் பார்த்ததாக ஏன் சொன்னீர்கள் என்று தராசு கேட்டாள்.

அவர் தலையைத் தூக்கவில்லை. "அவரு மேலதான் இருந்தாருன்னு சொன்னா, பதில் கொடுத்தது அவருன்னு ஆகும். அப்புறம், யாருக்குப் பதில் கொடுத்தாருன்னு கேப்பாங்க."

இன்ஸ்பெக்டர் வந்தார். மேனேஜரின் அறைக் கதவு மூடியது. உள்ளே குரல்கள் உயர்ந்தன. அதற்குமேல் அங்கே தராசுவுக்கு வேலை இல்லை. இருவரும் காரில் ஏறினார்கள். ரேடியோ கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

வழக்கு முடிந்தது. அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவள் கணவன் இடத்தை விட்டு அசையவில்லை. ஆனால் அந்தப் பதிலுக்குள் இன்னொன்றும் இருந்தது. அவன் கேண்டீனுக்குப் போயிருந்தால் குழாயில் பதில் வந்திருக்காது. பதில் வராவிட்டால் வால்வு திறந்திருக்காது. அவன் அங்கேயே இருந்ததால்தான், சொன்ன சொல் தவறாமல் ஒவ்வொரு முறையும் தட்டியதால்தான், மச்சான் மேல் வாயு இறங்கியது.

"அவர் போகலன்னு மட்டும் சொல்லிடலாம்," என்றாள் தராசு. "அந்தம்மா கேட்டதும் அவ்வளவுதான்."

ரேடியோ வண்டியை ஓரங்கட்டினார்.

"அந்தம்மா புருஷனுக்கு இன்ஸ்பெக்டர் இந்நேரம் எல்லாத்தையும் சொல்லியிருப்பாரு மேடம். வீட்டுல ஒருத்தருக்கு முழுசா தெரிஞ்சு, இன்னொருத்தருக்குப் பாதி தெரிஞ்சா, அந்த மீதியை அவரு ஆயுசு பூரா தனியாத் தூக்கிக்கிட்டுத் திரியணும்."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நிறுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

"நான் சொல்றப்போ நீங்களும் கூட நில்லுங்க," என்றாள்.

"வாயைத் திறக்கலாமா?"

"தேவைப்பட்டா."

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அந்தப் பெண் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவர்களைப் பார்த்ததும் எழுந்தாள். தராசு நடந்ததை நடந்தபடியே சொன்னாள். இரண்டு தொழிலாளிகள், இரண்டு ஏற்பாடு, இரண்டுக்கும் ஒரே மாதிரி சத்தம். மூன்றாவதாக ஒரு ஆள் வந்திருக்க வேண்டிய இடத்தில் யாரும் வரவில்லை. எங்கேயாவது அவள் தடுமாறியபோது ரேடியோ ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தார். வால்வு பாதியோடு இறுகிப்போனதால்தான் தம்பிக்கு இன்னும் மூச்சு இருக்கிறது என்பதையும் அவர்தான் சொன்னார்.



தாழ்வாரத்தின் கோடியில் ஒருவன் வந்து நின்றான். கசங்கிய சட்டை, இரண்டு நாள் தாடி. ஸ்டேஷனில் விட்டதும் நேராக வந்திருந்தான். அதற்கு மேல் வரக் கால் எழவில்லை போலிருந்தது. மனைவி அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவள்தான் நடந்து போனாள்.

"நான் தட்டாம இருந்திருந்தா," என்று ஆரம்பித்தான்.

"தெரியும். சொன்னாங்க."

"அவன் கடைசியா இனிமே தனியாவே பாத்துக்கன்னு சொன்னான். கோவத்துல நானும் சரின்னுட்டேன்."

அவன் சட்டையில் ஒரு பித்தான் மாறிப் போட்டிருந்தது. அதை அவள் கழற்றிச் சரியான ஓட்டையில் போட்டாள்.

உள்ளிருந்து நர்ஸ் கதவைத் திறந்தாள். பார்க்கும் நேரம் ஆரம்பித்துவிட்டது, ஆனால் ஒருவர் மட்டும்தான் வரலாம் என்றாள். யார் வருகிறீர்கள், நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டாள். கணவன் வழிவிட்டு ஒதுங்கினான். கூடப்பிறந்தவள் அவள்தானே.

அவள் நகரவில்லை.

"நீங்க போங்க," என்றாள். "அவன் முழிச்சாலும் முழிக்காட்டியும் பரவாயில்ல. நீங்க அங்கயேதான் இருந்தீங்கன்னு அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க."

அவன் அவளையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.

கதவு மூடிய பிறகுதான் அவள் அழுதாள். தராசு அவள் ஒரு பக்கம் உட்கார்ந்தாள். ரேடியோ மறுபக்கம் உட்கார்ந்தார். பார்க்கும் நேரம் முடியும்வரை மூவரும் அப்படியே இருந்தார்கள்.